முதல் பொத்தானில் இருந்த குரல்

திருவந்திபுரத்தில் நடக்கப்போகும் உன் கல்யாணத்தில், உன்னைத் தாரை வார்த்துக் கொடுக்கும்போது உன் அப்பாவுக்குப் பக்கத்தில் நான் உட்காரக் கூடாது என்று நீ சொன்னது எனக்குக் கேட்டது. நான் அடுத்த அறையில் உன் புடவைகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். நீ குரலைத் தாழ்த்தவும் இல்லை. "எங்கம்மா குரல அழிச்சவங்க கை என் கை மேல படவேணாம்பா. பெரியப்பாவும் பெரியம்மாவும் குறிஞ்சிப்பாடிலேர்ந்து வரத்தான போறாங்க, அவுங்களே குடுக்கட்டும்" என்றாய். உன் அப்பா "சரிம்மா" என்றார். நான் தையலை நிறுத்தவில்லை. ஓரம் கோணலாகப் போயிருந்தால் அதற்குக் காரணம் இதுதான்.

எட்டு வருஷமாக நான் உன்னோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். உன்னைவிட ஒன்பது வயதுதான் பெரியவள். நான் வந்த புதிதில் என்னை அம்மா என்று கூப்பிடச் சொன்னார்கள், நீ கூப்பிடவில்லை. சித்தி என்றாவது கூப்பிடு என்றார்கள், வெளியாட்கள் இருந்தால் மட்டும் கூப்பிட்டாய். மற்ற நேரத்தில் எனக்குப் பெயர் கிடையாது. அதில் எனக்கு வருத்தம் இல்லை, நான் கேட்டு வந்த உறவு இல்லை இது. ஆனால் தாலி ஏறி நீ கிளம்புவதற்கு முன்பு ஒரு விஷயம் உனக்குத் தெரிய வேண்டும். உன் அம்மாவின் குரல் எப்படி அழிந்தது என்பதுதான் அது. இந்தக் கடிதத்தை நான் ஒட்டப்போவதில்லை. உன் அப்பாவின் ரேடியோ மேசை மேல் திறந்தே வைக்கிறேன். உன் அப்பா படிக்கலாம், பெரியம்மா படிக்கலாம், நீ கட்டிக்கொள்ளப்போகிறவரும் படிக்கலாம். இதுவரை எல்லாரும் உன் பேச்சைக் கேட்டார்கள்.

என் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதை நீ ஒருமுறைகூடக் கேட்டதில்லை. சிதம்பரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் நான் வேலை பார்த்தேன். அங்கே ஹாம் ரேடியோ மன்றம் ஒன்று இருந்தது. மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை, ஒரு பழைய செட், ஜன்னல் வழியாக வெளியே போகும் ஒரு கம்பி. லைசென்ஸ் வாங்கியவர்கள் யார் வேண்டுமானாலும் அதில் வெளியூர், வெளிநாட்டு ஆட்களோடு பேசலாம். எனக்கு எதிரில் ஆள் இருந்தால் பேச்சு வராது. முன்பல் தூக்கியிருக்கும் முகம் என்னுடையது, பேசும்போது எதிராளியின் கண் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். செட்டில் அந்தத் தொல்லை இல்லை. புத்தகத்தைப் போலத்தான் அதுவும், யாரும் நம்மைப் பார்க்க முடியாது. ஒரு சாயங்காலம் கடலூரிலிருந்து ஒருவர் மூன்று மைக்குகளை மாற்றி மாற்றிப் பேசி, எது நன்றாக இருக்கிறது என்று கேட்டார். கேட்டுக்கொண்டிருந்த எல்லாரும் எல்லாமே நன்றாக இருக்கிறது என்றார்கள். என் முறை வந்தபோது, "ரெண்டாவது மைக்ல நீங்க அண்டாக்குள்ள தலைய விட்டுக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கு சார்" என்றேன். அவர் சிரித்தார். அதற்குப் பிறகு புதிதாக எந்த மைக்கை வைத்தாலும் என்னைக் கேட்டுத்தான் முடிவு செய்தார். அவர்தான் உன் அப்பா. உன் அம்மா காமாலையில் போய் அப்போது ஒரு வருஷம் ஆகியிருக்கவில்லை.

பெண் கேட்டு வந்தது பாலு. சிதம்பரம் தெற்கு வீதிப் பக்கம் மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கிறாரே, உன் அப்பாவோடு தினமும் செட்டில் பேசுகிற அதே பாலு மாமாதான். என் அப்பாவுக்கு மூன்று பெண்கள், நான் மூத்தவள். "மொகத்தப் பாக்காம, கொரலக் கேட்டே கேக்கறாங்கன்னா அது பெரிய விஷயம்மா" என்று என் அப்பா எதிரிலேயே பாலு என்னிடம் சொன்னார். நானும் அதைப் பெரிய விஷயம் என்றுதான் நினைத்தேன். கல்யாணம் ஆன மூன்றாம் நாள் உன் அப்பா எனக்கு அதை விளக்கினார். வானொலிப் போட்டியில் இரைச்சலுக்கு நடுவே ஆண் குரல் அமுங்கிவிடுமாம், மெல்லிய பெண் குரல் கிழித்துக்கொண்டு போகுமாம், பெண் குரல் கேட்டால் வெளிநாட்டுக்காரர்கள் வரிசை கட்டி வருவார்களாம். உன் அம்மா இருந்தவரை அப்படித்தான் வந்தார்கள். "இனிமே நீதான் நம்ம செகண்ட் ஆப்பரேட்டர்" என்றார். கல்யாணப் பந்தியில் அவருடைய ரேடியோ நண்பர்களில் ஒருவர், பழைய ஆன்டெனா காற்றில் போனதும் புதுசு ஏற்றிவிட்டான் என்று சொல்ல மற்றவர்கள் சிரித்ததை நான் இலைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டேன். உன் அப்பாவும் சிரித்தார். உனக்குப் பதினைந்து வயது. நீ சிரிக்கவில்லை. அன்று உன்னைப் பற்றி நல்லவிதமாக நினைத்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்தப் போட்டிகளைப் பற்றி ஒரு விஷயம் உனக்கும் தெரியும், ஆனால் நீ யோசித்துப் பார்த்திருக்க மாட்டாய். சனி ஞாயிறு முழுக்க உலகத்தில் எத்தனை பேரைப் பிடிக்க முடியுமோ அத்தனை பேரைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் அவருடைய குரல் எப்படிக் கேட்கிறது என்று சொல்ல வேண்டும். விதிப்படி கேட்பதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. காதில் விழவே விழாதவனுக்கும், மூன்று முறை திருப்பிக் கேட்டு எழுதிக்கொண்டவனுக்கும், "ஐந்து ஒன்பது", அதாவது பிரமாதமாகக் கேட்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்தவனுக்குப் போய்விடுவார்கள். நேரம் மிச்சம், சண்டை கிடையாது. உன் அப்பா முப்பது வருஷமாக அதைச் செய்து செய்து வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டார். நீ என்னை மட்டமாகப் பேசினால் சரி, நான் அழுதால் சரி, பெரியம்மா வந்து என் வயிற்றைப் பற்றிக் கேட்டால் சரி, இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று முடிவு செய்தது அவர்தான் என்பதை அவளிடம் சொல்லாமல் இருப்பதும் சரி. எல்லாருக்கும் ஐந்து ஒன்பது. இப்படி ஒருவரைப் பார்த்து வளர்ந்த பெண்கள் பேசாத ஆண்களை நல்லவர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். நீ அப்படி நினைக்காதே. நிச்சயதார்த்தத்தன்று உன் வருங்கால மாமியார் என்னை அவமானப்படுத்தியபோது மாப்பிள்ளையும் தலையைக் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கவனித்தேன். நீ கவனித்தாயா?

இப்போது அந்தப் பெட்டி. உன் அப்பா தன் கையால் செய்தது, சோப்புப் பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது, மேலே வரிசையாக நான்கு கறுப்புப் பொத்தான்கள். போட்டியில் நாள் முழுக்க "சீக்யூ கான்டெஸ்ட்" என்று, அதாவது போட்டிக்கு யாராவது வாருங்கள் என்று, கூவிக் கூவித் தொண்டை போய்விடும், அதனால் ஒருமுறை பேசிப் பதிந்து வைத்துவிட்டால் பொத்தானைத் தட்டினால் போதும், அது கூப்பிடும். கரண்ட் போனாலும் பதிந்தது போகாது. பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினால் பழையது அழிந்து புதியது ஏறும். முதல் பொத்தானில் உன் அம்மாவின் குரல் இருந்தது. அவள் போன பிறகும் உன் அப்பா அதை மாற்றவில்லை. நான் வந்த பிறகும் ஒவ்வொரு போட்டியிலும் உன் அம்மாதான் உலகத்தைக் கூப்பிட்டாள், பதில் வந்ததும் நான் பேசினேன். கேட்பவர்களுக்கு இரண்டு பெண்கள் என்று தெரியாது. உங்கள் வீட்டில் அவள் குரல் இருந்த ஒரே இடம் அதுதான். அவள் கல்யாணக் கேசட்டில் முழுக்க சினிமாப் பாட்டைச் சேர்த்துவிட்டான் வீடியோக்காரன், ஒரு வார்த்தைகூடக் கேட்காது. போட்டி இல்லாத நாட்களில் நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அந்த அறைக்குப் போய், ஹெட்போனை மாட்டி, முதல் பொத்தானை ஒருமுறை தட்டிக் கேட்டுவிட்டுத்தான் காப்பி குடிப்பாய். வலது கோடியில் இருந்த நான்காவது பொத்தான் உனக்கு விளையாட உன் அப்பா கொடுத்தது. பாட்டு, தோழிகள் பேச்சு, நாய் குரைப்பது, எதையாவது பதிந்து கேட்டுச் சிரிப்பாய்.

கல்யாணத்துக்கு அடுத்த வருஷம், ஒரு போட்டிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, உனக்குப் பள்ளி விடுமுறை. என் "ஸ" செட்டில் விசிலடிக்கிறது என்று பாலு அதற்கு முன்பு சொல்லியிருந்தார். முன்பல் காரணம். அதைச் சரிசெய்ய உன் அப்பா புது மைக் ஒன்று வரவழைத்திருந்தார். அன்று மத்தியானம் பாலுவை செட்டில் பிடித்து, என்னை உட்காரவைத்து, பழைய மைக்கில் ஒருமுறை புது மைக்கில் ஒருமுறை என்று "சிக்ஸ், செவன், சிக்ஸ், செவன்" சொல்லவைத்தார். கேட்டுக்கொண்டிருந்தது பாலு மட்டும் இல்லை. திண்டிவனம், பண்ருட்டி, இன்னும் எங்கெங்கோ இருந்தவர்கள் நடுவில் வந்து அபிப்பிராயம் சொன்னார்கள். ஒருவர், குக்கர் மூன்று விசில் விட்டது, அடுப்பை அணைத்துவிடலாம் என்றார். உன் அப்பா அதை ரசித்தார். நீ வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். புது மைக்கின் வயர் குட்டையாக இருந்ததால் அது எட்டுவதற்காகப் பெட்டியை அவர் அப்படியே சுற்றி, முன்பக்கம் பின்பக்கமாக வைத்திருந்தார். அதை நான் பார்த்தேன். நீ பார்த்தாயா என்று எனக்குத் தெரியாது, பார்த்திருந்தாலும் உனக்கு அதில் ஒன்றும் தோன்றியிருக்காது.

சோதனை முடிந்ததும் உன் அப்பா ஆன்டெனாவைத் திருப்ப மொட்டை மாடிக்குப் போனார். நான் முகத்தைக் கழுவிக்கொள்ளப் போனேன். டீயோடு திரும்பி வந்தபோது நீ நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு டியூஷனுக்குப் போய்விட்டாய். உன் பொத்தானில் எதையோ பதிந்து விளையாடுகிறாய் என்று நினைத்தேன். நீயும் அப்படித்தான் நினைத்தாய். எப்போதும் போல வலது கோடிப் பொத்தானை அழுத்தினாய். சுற்றி வைத்த பெட்டியில் வலது கோடியில் இருந்தது முதல் பொத்தான்.

சாயங்காலம் உன் அப்பா நீளமான வயர் போட்டு, பெட்டியைப் பழையபடி திருப்பி வைத்தார். மறுநாள் விடியற்காலை போட்டி தொடங்கியது. அவர் முதல் பொத்தானைத் தட்டினார். உன் அம்மாவுக்குப் பதிலாக நீ வந்தாய். என் பல்லையும் என் விசிலையும் எடுத்துக்கொண்டு வந்தாய். "ஸ்ஸிதம்பரத்து ஸ்ஸெகண்ட் ஆப்பரேட்டர் பேஸ்ஸறேங்க. எங்கப்பா வூட்ல ஸ்ஸோறு இல்லைங்க, அதான் செத்தவ எடத்துல வந்து ஒக்காந்துகினேங்க. ஸ்ஸிக்ஸ், ஸ்ஸெவன்." கடைசியில் உன் சிரிப்பு. போட்டியின் முதல் அழைப்பு அதுதான், எங்கள் அழைப்புக்காகச் சிதம்பரத்தில் காத்திருந்த பாலு அதை முழுக்கக் கேட்டார். இன்னும் யார் யார் கேட்டார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. நன்றாகச் செய்திருந்தாய். யாருடைய குரல் என்று கேட்கும் அவசியமே இல்லை.

உன் அப்பா செட்டை அணைத்தார். மற்ற மூன்று பொத்தான்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார், உன் அம்மா எதிலாவது ஒதுங்கியிருப்பாள் என்பதுபோல. பிறகு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். "அவளுக்குத் தெரியவேணாம். தாங்கமாட்டா" என்றார். அவள் என்றால் நீ. என்னைப் பற்றி நீ பதிந்திருந்ததைக் குறித்து அன்றும் பேசவில்லை, இன்றுவரையும் பேசவில்லை. பிறகு தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். உலகம் முழுக்கப் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. "நீ ஒண்ணு பேசிப் பதிஞ்சிடு" என்றார். உன் அம்மாவைத் தேடி முடித்துவிட்டு அவர் எனக்குக் கொடுத்த நேரம் அவ்வளவுதான்.

நான் பதிந்தேன். உன் அம்மாவின் மேல் அல்ல, அவள் ஏற்கெனவே போயிருந்தாள். உன் கேலியின் மேல் பதிந்தேன். ஏழு மணிக்கு நீ எழுந்து பாவாடை சட்டையோடு வந்து நின்றபோது பெட்டி என் குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நீ கொஞ்ச நேரம் கேட்டாய்.

"அப்பா, அம்மா எங்க?"

அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. கேட்டிருந்தது, கழுத்து அசைந்ததில் எனக்குத் தெரிந்தது. நீ என் பக்கம் திரும்பினாய்.

"நீ அழிச்சியா?"

"அதுல பேசனது நான்தான்" என்றேன்.

அது பொய் இல்லை. உன் அப்பா கடிகாரத்தைப் பார்த்து யாருக்கோ ஐந்து ஒன்பது கொடுத்தார். அன்றிலிருந்து நான் உன் அம்மாவின் குரலை அழித்தவள் ஆனேன். குறிஞ்சிப்பாடிக்குத் தெரிந்தது, உன் பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தது, நீ சிதம்பரத்தில் படிக்கப்போனபோது ஹாஸ்டலுக்குத் தெரிந்தது. ரேடியோ லைசென்ஸ் தேர்வுக்கு உன்னைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனது நான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி இவங்க யார் என்று கேட்டதற்கு, "அப்பாவோட செகண்ட் ஆப்பரேட்டர்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் அம்மா, அத்தனை பெண்கள் நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, ஒரு கொரலுதானே, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போயிருந்தா ஒனக்கு என்னா கொறைஞ்சிருக்கும்?" என்றாள். பரிவாகத்தான் கேட்டாள், அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. உன் அப்பா தாம்பாளத்தில் வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தார்.

நான் ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். உன் மேல் இருந்த பாசத்தால் என்று நினைத்துக்கொள்ளாதே, அந்த ஆறுதலை நான் உனக்குத் தரப்போவதில்லை. பாலு ஒருநாள் என்னைக் கடையில் உட்காரவைத்து, "என் காதால கேட்டவம்மா நானு. ஒரு வார்த்த அவகிட்ட சொல்லிடறேன், ஒனக்கு இந்தப் பழி எதுக்கு?" என்றார். வேண்டாம் என்றேன். அவர் என்னைப் பெரிய மனசுக்காரி என்று நினைத்து எழுந்து நின்றே வழியனுப்பினார். அது பெரிய மனசு இல்லை. ஒரே வாக்கியத்தில் உன்னை உடைத்துப்போடக் கூடிய ஒன்று என்னிடம் இருந்தது, நீ என்னைக் குத்தும்போதெல்லாம் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை உள்ளுக்குள் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். சிலர் நகையை அப்படி வைத்திருப்பார்கள், போடமாட்டார்கள், விற்கமாட்டார்கள், இருக்கிறது என்று தெரிந்தால் போதும். உங்கள் வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். நீ போகும் வீட்டில் உனக்கும் அப்படி ஒன்று கிடைக்கலாம். கிடைத்தால் உடனே பேசித் தீர்த்துவிடு. வைத்திருந்தால் அது கெட்டுப்போகாது, வைத்திருப்பவள்தான் கெட்டுப்போவாள். நான் படித்த புத்தகங்களில் இதைச் சொல்ல யாரும் இல்லை, அல்லது சொல்லியும் எனக்கு ஏறவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அன்று காலை உன் அப்பா என்னைப் பேசிப் பதியச் சொன்னபோது எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. போட்டியில் கூப்பிடும் முறையை நான் கற்றுக்கொண்டதே உன் அம்மாவிடம்தான், மாதக்கணக்கில் அந்தப் பொத்தானைத் தட்டித் தட்டிக் கேட்டு. அதனால் அவள் பேசியபடியே பேசினேன். "கான்டெஸ்ட்" என்பதற்கு முன்னால் அவள் ஒரு குட்டி மூச்சு விடுவாள், படியேறி வந்தவள் போல. கடைசி எழுத்தை முடிக்காமல் கொஞ்சம் மேலே தூக்கி விடுவாள், கேள்வி கேட்பது போல இருக்கும், கேள்வியாகவும் இருக்காது. குரலின் அடியில் எப்போதும் ஒரு சளி. அவ்வளவையும் போட்டேன். என் விசிலைக்கூட அடக்கினேன். மூன்று முறை தப்பாகி நான்காவது முறை வந்தது. உன் அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். அந்த வருஷம் வெளிநாட்டிலிருந்து வழக்கமாகச் செட்டில் வரும் ஒரு கிழவர், உன் அம்மாவின் காலத்திலிருந்து வருபவர், வித்தியாசமே தெரியாமல் வந்து பேசிவிட்டுப் போனார். நீ மட்டும்தான் அந்தப் பெட்டி கூப்பிட்டபோதெல்லாம் கதவைச் சாத்தினாய். ஏழு வருஷம் உன் அம்மாவின் மூச்சு அந்த அறையில் கேட்டது, அது என் வாயிலிருந்து வந்தது என்பதால் உனக்குக் கேட்கவில்லை.

போன வருஷக் கடைசியில் புயல் வந்து ஆன்டெனா டவரை மடித்துப் பக்கத்து வீட்டு மதில் மேல் போட்டதே, அந்தக் காலை நினைவிருக்கிறதா? ஓடு பறந்து, ஜன்னல் வழியாகத் தண்ணீர் அடித்தபோது உன் அப்பா செட்டைத் தூக்கினார், நான் அந்தப் பெட்டியைப் பாலித்தீன் பையில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்தேன். நீ விடுமுறைக்கு வந்திருந்தாய். முழங்கால் ஈரத்தோடு நின்றுகொண்டு, "எங்கம்மா அதுல இருந்தப்ப காப்பாத்தத் தெரியல, ஒங்க கொரலுன்னா மட்டும் அரிசிக்குள்ள வெக்கிறீங்க?" என்றாய். நான் டிரம்மின் மூடியை அழுத்தி மூடினேன். அதற்குச் சில மாதம் கழித்து நீ பாலு கடைக்குப் போய், அம்மாவின் குரல் எப்படி இருக்கும், எனக்கு மறந்து போச்சு மாமா என்று கேட்டு அழுதிருக்கிறாய். அவரே என்னிடம் சொன்னார். அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. குரலை வார்த்தையில் சொல்ல முடியாது. மேலே நான் எழுதியிருக்கிற நாலு வரிதான் இனி உனக்கு. மூச்சு, தூக்கல், சளி.

இப்போது நீ அந்த அறைக்கு ஓடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். நீ உன் அப்பாவிடம் என்னைப் பற்றிச் சொன்னதற்கு மறுநாள், எல்லாரும் ஜவுளிக்குப் போயிருந்த மத்தியானம், நான் அந்தப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தேன். ஒருமுறை கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது, நான் பேசியதிலேயே அதுதான் சிறந்தது. பிறகு முதல் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. இப்போது தட்டினால் மின்விசிறிச் சத்தமும், தெருவில் போன ஒரு ஆட்டோவும் கேட்கும். என்னிடம் அதேபோல இன்னொரு முறை பேசிக் காட்டச் சொல்லாதே. முடியாது என்பதால் சொல்லவில்லை, செய்யமாட்டேன்.

கல்யாணத்துக்கு வருவேன். எங்கே உட்காரச் சொல்கிறாயோ அங்கே உட்காருவேன், கடைசி வரிசை என்றாலும். பெரியம்மா கையால் தாரை வார்க்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. உன் மாமியார் மறுபடியும் என் கையைப் பிடித்து, அந்தக் குரலை ஏனம்மா அழித்தாய் என்று கேட்டால், இந்த முறை நான் சும்மா இருக்கமாட்டேன். ஆமாம், நான்தான் அழித்தேன், என் கையால் அழித்தேன் என்று சொல்வேன். அது உண்மையாக இருக்கும். நீ அப்போது மணமேடையில் உட்கார்ந்திருப்பாய், தலையைக் குனிந்துகொள்ளலாம், எல்லாரும் அதை வெட்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.